மணல் பெட்டிக்குப் போகும் வழி

பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் வீடுகளுக்குப் பூனை வந்து சேரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்: யாரும் போய் வாங்குவதில்லை. மழை விட்ட காலையில் கார் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு குட்டி கத்தும். பாசார் மாலாமில் கடைகளைக் கட்டிய பிறகு அட்டைப் பெட்டியில் ஒன்று கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பைக்குள் ஒன்றை ஒளித்துக்கொண்டு வரும். சுற்றிலும் வயல் உள்ள ஊர். நெல் இருந்தால் எலி, எலி இருந்தால் பூனை. அக்கம்பக்கத்து மலாய்க் குடும்பங்களிலும் பூனை தாராளமாக உள்ளே உலவும். இஸ்லாமிய மரபு அதை அசுத்தமான பிராணியாகக் கருதுவதில்லை. ஆகவே, ‘இன்னொன்றுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்ற மனசு இங்கே எளிதில் வந்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வருடக்கணக்காக ஒரு துளிகூட வெளியே சிந்தாமல் மணல் பெட்டியைப் பயன்படுத்திய மூத்த பூனை, திடீரென்று மெத்தையில் மூத்திரம் பெய்திருக்கும். அடுத்து, மடிக்காமல் விட்ட துணிக் குவியலில். அதற்கும் அடுத்து, குளியலறைக் கால்மிதியில். வீட்டு அம்மாவின் தீர்ப்பு உடனே வரும்: “புதுசு வந்துருச்சுல்ல, பொறாமை. வேணும்னே செய்யுது.” அப்பா, பிள்ளைகள் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

நான் தலையாட்டுவதில்லை. பழிவாங்க நிறைய யோசிக்க வேண்டும். இந்த ஈரத்தை இவர்கள் மாலையில் கண்டுபிடிப்பார்கள், மனம் நோவார்கள், நொந்தபின் அந்தக் குட்டியைக் கொண்டுவந்ததற்காக வருந்துவார்கள் என்று பூனை கணக்குப் போட்டாக வேண்டும். அவ்வளவு நீளமான கணக்கை ஒரு பூனையின் தலையில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. அதைவிட எளிய காரணங்கள் இருக்கின்றன. அந்தப் பூனையின் மூக்கு, அதன் மூத்திரப்பை, அந்த வீட்டுக்குள் அது நடக்கும் வழிகள். இந்த மூன்றில் மூன்றாவதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை.

முதலில், பூனை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே அசிங்கம். பூனைக்கு அவை இரண்டு வெவ்வேறு செயல்கள். ஒன்று, நின்றபடி, வாலை நிமிர்த்தி, வால்நுனி துடிக்க, சுவரிலோ திரைச்சீலையிலோ சோபாவின் பக்கவாட்டிலோ பின்பக்கமாகக் கொஞ்சமாகப் பீய்ச்சுவது. இது அடையாளமிடுவது. இன்னொன்று, குந்தி உட்கார்ந்து, தரையிலோ மெத்தையிலோ முழுதாகவோ சொட்டுச் சொட்டாகவோ பெய்வது. இது கழிப்பது. முன்னது மூக்கோடு சம்பந்தப்பட்டது. பின்னது மூத்திரப்பையோடும் மணல் பெட்டியோடும் சம்பந்தப்பட்டது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்து தோற்றுப்போகிறவர்கள்தான் அதிகம்.

மூக்கிலிருந்து தொடங்குவோம். பூனையின் சிறுநீர் ஏன் அப்படி நாறுகிறது? அதன் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப் பூனை. தண்ணீரை வீணாக்காத பிராணி. மனிதரால் முடிந்த அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியாகச் சிறுநீரைச் சுண்டவைக்க அதன் சிறுநீரகத்தால் முடியும். ஆனால் அடர்த்தி மட்டும் அந்த நாற்றத்தைத் தராது. 1953இல் பூனையின் சிறுநீரிலிருந்து கந்தகம் சேர்ந்த ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்து, பூனைக் குடும்பத்தின் பெயராலேயே அதற்கு ஃபெலினின் என்று பெயரிட்டார்கள். அது எதற்காக, எப்படி உண்டாகிறது என்பது அதன்பின் அரை நூற்றாண்டு புதிராகவே இருந்தது.

புதிரை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் இவாதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாவ் மியாசாகி. சிறுநீரில் புரதம் இறங்கினால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள். நல்ல ஆரோக்கியமான பூனைகளின் சிறுநீரிலோ புரதம் தாராளமாக இருக்கிறது. அந்தப் புரதத்தில் பெரும்பங்கு ஒரே பொருள்தான் என்று 2003இல் அவர் குழு காட்டியது. காக்சின் என்று பெயர் வைத்தது. 2006இல் அதன் வேலையும் தெரிந்தது: காக்சின் ஒரு நொதி, ஃபெலினினை உண்டாக்குவது அதுதான். வெளியே வந்த ஃபெலினின் மெல்லச் சிதைந்து கந்தகம் கலந்த ஆவியாகிறது. அதனால்தான் பெய்த உடனே அவ்வளவாகத் தெரியாத வாடை, மறுநாள் அறையை நிரப்புகிறது. பினாங்கின் புழுக்கத்தில், காற்றோட்டமில்லாத தெரஸ் வீட்டின் நடு அறையில் இந்த வேதியியலை யாரும் படிக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

காக்சின் குட்டிகளிடம் கிட்டத்தட்ட இல்லை. ஏறத்தாழ மூன்று மாத வயதில்தான் தலைகாட்டுகிறது. விரை எடுக்காத கடுவனிடம் மிக அதிகம். விரை எடுத்தபின் வெகுவாகக் குறைகிறது. இறைச்சியில் கிடைக்கும் கந்தக அமினோ அமிலங்களிலிருந்துதான் ஃபெலினின் உருவாகிறது. ஆகவே நாறும் கடுவன் நன்றாக வேட்டையாடித் தின்ற கடுவன் என்று சிலர் ஊகிக்கிறார்கள். எனக்கு இந்த ஊகம் பிடித்திருக்கிறது. நமக்கு மூக்கைப் பொத்தவைக்கும் அதே நெடி இன்னொரு பூனைக்கு வயது, பால், வந்து போன நேரம் எல்லாம் எழுதிய சீட்டு. ஆகவே புதுப் பூனை வந்த வீட்டில் மூத்தது சுவரில் பீய்ச்சினால், அது ‘இங்கே நான் இருக்கிறேன்’ என்ற அறிவிப்பு. யாருக்கும் தண்டனை இல்லை.

அறிவிப்பை நிறுத்த முதல் வழி கத்திதான். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளின்படி, விரை எடுத்த கடுவன்களில் சுமார் 10 சதவீதமும், கருப்பை எடுத்த பெண் பூனைகளில் சுமார் 5 சதவீதமும் மட்டுமே பிறகும் பீய்ச்சின. இரண்டு பூனைக்கும் அறுவை செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் அது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சில சமயம் குற்றவாளி உள்ளே வந்த பூனையே அல்ல. முன்வாசல் கிரிலுக்கு வெளியே, போர்ச்சில் நிற்கும் காரின் மேல் இரவில் வந்து படுக்கும் தெருக் கடுவன். அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பது கதவோரம் பீய்ச்சும். பீய்ச்சிய இடங்கள் வாசலையும் ஜன்னலையும் சுற்றியே இருந்தால் எதிரி வெளியே இருக்கிறது.

ஆனால் மெத்தையிலும் துணிக் குவியலிலும் குந்தியிருந்து பெய்கிற பூனையின் கதை வேறு. அதை முதலில் நோயாளியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் இதில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். அடிக்கடி பெட்டிக்குப் போவது, சிரமப்பட்டு முக்குவது, இரத்தம் கலந்து சொட்டுவது, பெட்டிக்கு வெளியே பெய்வது: இப்படி வரும் பூனைகளில் பாதிக்கும் மேலானவற்றுக்குக் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது. மூத்திரப்பைச் சுவர் மட்டும் வீங்கிச் சிவந்திருக்கும். பஃபிங்டனும் அவர் சகாக்களும் அந்தப் பூனைகளின் மூத்திரப்பையைத் தாண்டி மூளையையும் அட்ரீனல் சுரப்பியையும் பார்த்தார்கள். ஆபத்து என்றால் உடம்பை விழிப்பேற்றும் நரம்பு மண்டலம் அவற்றில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை அடக்க வேண்டிய கார்டிசால் போதவில்லை. மூத்திரப்பையின் உட்சுவரைப் பாதுகாக்கும் படலமும் மெலிந்திருந்தது. அடர்த்தியான சிறுநீர் அந்த மெலிந்த சுவரில் படும்போது எரியும். பெண்களிடம் அதிகம் காணப்படும் ஒருவகை நாள்பட்ட மூத்திரப்பை வலியோடு இது வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது. தோல், குடல் என்று மற்ற உறுப்புகளும் சேர்ந்தே பாதிக்கப்படுவதால், 2011இல் பஃபிங்டன் இதற்குப் பண்டோரா நோய்க்கூறு என்று பெயர் சூட்டினார்.

அதே ஆண்டு அவர் குழு வெளியிட்ட இன்னோர் ஆய்வு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. 32 பூனைகளை 77 வாரம் தினமும் கவனித்தார்கள். 20 பூனைக்கு இந்த நோய் இருந்தது. 12 நல்ல ஆரோக்கியம். சோறு வைக்கும் ஆள் மாறுவது, வழக்கமான நேரம் தவறுவது போன்ற சில்லறை மாற்றங்கள் நடந்த வாரங்களில், நோயுள்ள பூனை மட்டும் சாப்பிடாமலும் வாந்தியெடுத்தும் பெட்டிக்கு வெளியே போயும் இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆரோக்கியமான பூனைகளும் அதையே செய்தன. ஆள் மாறியதற்கே இப்படி என்றால், வாசனையே அறியாத ஒரு பூனை நடுவீட்டில் வந்து இறங்கினால் என்ன ஆகும்?

வலியோடு பெட்டியில் உட்கார்ந்த பூனை வலியைப் பெட்டியோடு சேர்த்து நினைவில் வைக்கிறது. அடுத்த முறை மென்மையான, வேறு இடம் தேடுகிறது. மெத்தை மென்மையானது, உயரமானது, நாலு பக்கமும் பார்க்க வசதியானது, பழகிய ஆளின் வாசனை ஊறியது. எசமானைப் புண்படுத்தத் தேர்ந்தெடுத்த இடமாக நமக்குத் தோன்றுவது, பயந்த பூனைக்கு வீட்டிலேயே பத்திரமான மூலை.

இங்கே ஒரு மயக்கம் உண்டு, சொல்லிவிடுகிறேன். இந்த வகை எரிச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். ஆகவே அந்த வாரத்தில் கொடுத்த எந்த மருந்தும் ‘வேலை செய்த’ மாதிரி இருக்கும். கிருமித் தொற்று இளம் பூனைகளில் அரிது. இருந்தும் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்து, பூனை தேறியதும் மாத்திரைக்கு நன்றி சொல்லி, அடுத்த மாதம் மறுபடி அதே மெத்தையில் வந்து நிற்கிறோம்.

கடுவன் விஷயத்தில் மட்டும் ஒரு வாரம் காத்திருக்கவே கூடாது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். வீக்கமும் சளியும் பொடிக்கற்களும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் சிறுநீர் தேங்கி, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு நாளில் இதயம் நின்றுபோகலாம். பெட்டியில் ஏறி இறங்கி முக்கிக்கொண்டே இருக்கும், ஒன்றும் வராது, அடிக்கடி கீழ்ப்புறத்தை நக்கும், கத்தும். மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுப்பவர்கள் உண்டு. அன்றிரவே விலங்கு மருத்துவரிடம் போக வேண்டும். கெப்பாலா பத்தாஸில் கிளினிக் மூடியிருந்தால் பட்டர்வொர்த்துக்கோ பாலம் தாண்டித் தீவுக்கோ போகத்தான் வேண்டும்.

நோய் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், பிறகு வீட்டைப் பார்க்க வேண்டும்.

தாமான் வீடுகளின் அமைப்பு நமக்குத் தெரியும். முன்னால் போர்ச், கூடம், பக்கவாட்டில் அறைகள், நேர்கோட்டில் ஒரு நடை, கடைசியில் சமையல்கட்டும் குளியலறையும், அதற்கும் பின்னால் சந்து. மணல் பெட்டி எங்கே இருக்கும்? கண்ணில் படாத இடத்தில்: சமையல்கட்டுக் கோடியில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில். அங்கே போக ஒரே வழி. திரும்பவும் அதே வழி. ஒரே பூனை இருந்தவரை இது ஒரு பொருட்டே இல்லை. இரண்டாவது வந்ததும், அந்த நடையின் நடுவில் அது படுத்துக்கொண்டாலே போதும். சண்டை வேண்டாம், சீறல்கூட வேண்டாம். வெறும் பார்வை. மனிதர் கண்ணுக்குப் புதுப் பூனை ‘சும்மா படுத்திருக்கிறது’. மூத்த பூனைக்குப் பெட்டி மூடப்பட்டுவிட்டது. குட்டி துள்ளி விளையாடும் வயதாக இருந்தால் இன்னும் மோசம்: மணலில் குந்தியிருக்கும் பெரிய பூனையின் வால் அதற்கு நல்ல விளையாட்டுச் சாமான்.

‘இன்னொரு பூனையின் நாற்றம் பிடிக்காமல்தான் பெட்டிக்குப் போகவில்லை’ என்று பலர் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல பூனைகள் உள்ள சூழலை வைத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. பூனைகள் சுத்தமான பெட்டியையே விரும்பின, சரி. ஆனால் பெட்டியில் கிடந்தது தன்னுடையதா மற்றதுடையதா என்பது அவற்றுக்குப் பெரிய விஷயமாக இல்லை. வாடையைவிட, தோண்டவும் திரும்பவும் விடாமல் பெட்டியில் கட்டிகள் இடத்தை அடைத்திருப்பதுதான் தொந்தரவு. இடம் பற்றிய கவலை பெட்டிக்குள்ளேயும் தொடர்கிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். 2014இல் கனடாவில் செய்த ஆய்வொன்றிலும், வழக்கமான பெட்டியோடு 86 செ.மீ. நீளப் பெட்டியையும் வைத்தபோது பூனைகள் பெரியதைத்தான் அதிகம் நாடின. துணி அடுக்கி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிட்டால் போதும். கூரையும் கதவும் வைத்த அழகுப் பெட்டிகள், உள்ளே போன பூனைக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் செய்கிற பொறிகள்.

வீட்டுக்குள் மணல் பெட்டி என்பதே புதிய ஏற்பாடு. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்பவர், அடுப்புச் சாம்பலுக்குப் பதிலாக உறிஞ்சும் களிமண்ணைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்ததில் இந்த வணிகம் தொடங்கியது. அதற்கு முன் பெரும்பாலான பூனைகளுக்குக் கொல்லைதான். கெப்பாலா பத்தாஸின் பழைய கம்பத்து வீடுகளில் பூனைக்கு நாலு பக்கமும் வெளி. தாமான் வீட்டுப் பூனைக்கு ஒரு பெட்டி, ஒரு வழி. நாம் அதன் உலகத்தைச் சுருக்கிவிட்டு, பிறகு அதில் இன்னொன்றையும் விடுகிறோம்.

பூனை எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அத்தனை பெட்டி வை என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இரண்டு பூனைக்கு மூன்று. இதைக் கேட்டுவிட்டு மூன்றையும் சமையல்கட்டில் வரிசையாக வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பூனைக்கு அது ஒரே பெட்டி, வழி ஒன்றுதானே. ஒன்று பின்னால், ஒன்று படுக்கையறையில், ஒன்று மாடியிலோ கூடத்து மூலையிலோ. கூடத்தில் மணல் பெட்டியா என்று முகம் சுளிக்கலாம். மெத்தையில் மூத்திரத்தைவிட அது மேல். தண்ணீரும் சோறும்கூட அப்படித்தான், பார்வை படாத இரண்டு இடங்களில். அதே வாரத்தில் ‘குட்டிக்கு நல்லது’ என்று பழைய களிமண் மணலை மாற்றி டோஃபு மணல் வாங்கிப் போடுவதும் வேண்டாம். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்.

ஈரம் பட்ட இடத்தைச் சுத்தம் செய்வதிலும் நம் கை தவறான புட்டிக்குத்தான் போகும். சிறுநீரில் அமோனியா உண்டு; அதன் மேல் குளோரின் வெளுப்பானை ஊற்றினால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். தண்ணீரில் விட்டதும் பால் போல வெளுக்கிற கிருமிநாசினிகளோ பூனைக்கு நஞ்சு. அந்த வகைப் பொருளை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியின் மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்துபோனது. நொதி கலந்த துப்புரவுத் திரவம், அது இல்லாவிட்டால் நிறையத் தண்ணீரும் மணமில்லாத சோப்பும். எந்தப் பூனை செய்தது என்ற சந்தேகம் தீரவில்லை என்றால் மருத்துவரிடம் ஃபுளோரெசின் என்ற சாயம் இருக்கும். ஒரு பூனைக்கு மட்டும் கொடுத்தால் அதன் சிறுநீர் புறஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும். பழைய கைப்பேசியைக் கேமராவாக வைத்தாலும் உண்மை தெரியும். பழி சுமந்த பூனை நிரபராதியாக இருப்பது அரிதல்ல.

பூனைகள் கூட்டமாக வாழாதா என்றால், வாழும். ஆனால் யாரோடு என்பதுதான் கேள்வி. பண்ணைகளிலும் மீன்பிடித் துறைமுகங்களிலும் கூடி வாழும் பூனைகளை ஆராய்ந்தவர்கள் கண்டது: தாய், மகள், சித்தி, பேத்தி என்று சொந்தப் பெண் பூனைகளின் குழு. ஒன்றோடொன்று உரசி ஒரு பொதுவாசனையைப் பூசிக்கொள்ளும். அந்த வாசனை இல்லாத அந்நியப் பூனை வந்தால் விரட்டும். ஜார்ஜ்டவுன் சுவர்களில் 2013இல் தெருவிலங்குகளுக்காக ஓவியர்கள் வரைந்த பூனைகளுக்குள் சண்டையே இல்லை. சுவரில் அது நடக்கும்.

புதுப் பூனையை நேராகக் கூடத்தில் இறக்கிவிட்டு, ‘ரெண்டும் பார்த்துப் பழகட்டும்’ என்று விடுவதுதான் நம் வழக்கம். காப்பகங்களிலிருந்து தத்தெடுத்தவர்களிடம் விசாரித்து அமெரிக்காவில் 2005இல் வெளியான ஆய்வில், முதல் சந்திப்பிலேயே கிட்டத்தட்ட பாதி வீடுகளில் கடியும் பிறாண்டலும் நடந்திருந்தன. முதல் நாள் சண்டை போட்டவை பின்னாலும் சண்டை போட்டன. ஆகவே புதியது ஓர் அறையில், தன் பெட்டியோடும் தட்டோடும், கதவு மூடி. ஒன்று படுத்த துணியை மற்றதற்கு மோப்பம் காட்டுவது. மூடிய கதவின் இரு பக்கமும் சோறு வைப்பது. சில நாளில் அறையை மாற்றிக்கொள்ளச் செய்வது. முகத்துக்கு முகம் பார்ப்பது கடைசியில்தான். கன்னச் சுரப்பி வாசனையைப் போலி செய்து மின்செருகியில் வைக்கும் குப்பிகளும் கிடைக்கின்றன. அவற்றுக்கான ஆதாரம் அரைகுறை. வழியைத் திறக்காமல் குப்பியை மட்டும் நம்பினால் வெள்ளிதான் கரையும்.

இவ்வளவு செய்தும் இரண்டும் நட்பாகாமல் போகலாம். வீட்டுக்காரர்கள் இதைத் தோல்வி என்று நினைத்து, மடியில் இரண்டையும் சேர்த்து உட்காரவைத்துச் சமாதானம் செய்யப் பார்ப்பார்கள். ஜெர்மானிய விலங்கு நடத்தையியலாளர் பால் லெய்ஹாவ்சன் 1960களிலேயே எழுதியிருக்கிறார்: தனித்து வேட்டையாடும் பூனைகள் ஒரே ஒற்றையடிப் பாதைகளைத்தான் பகிர்ந்துகொள்கின்றன, ஆனால் வெவ்வேறு நேரத்தில். பாதை கூடும் இடத்தில் ஒன்று வருவதைக் கண்டால் மற்றது உட்கார்ந்துவிடும், அது கடந்த பிறகு எழுந்து போகும். சில மாதங்களில் நம் வீட்டுப் பூனைகளும் இப்படி ஒரு அட்டவணைக்கு வந்துவிடுவது உண்டு: காலையில் கூடம் ஒன்றுக்கு, மதியம் மாடிப்படி மற்றதற்கு, இரவில் சமையல்கட்டு யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்கு. ஒன்றையொன்று நக்கிக்கொள்ளாது, ஒரே பாயில் படுக்காது. மெத்தையும் ஈரமாகாது.